வெள்ளி போன வழி

அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில், ராக்கி மலைகளின் மேற்குப் பகுதியில், எல்க் மலைகள் என்றொரு தொடர் இருக்கிறது. அதன் வடபுறத்தில் ஆஸ்பென். தென்புறத்தில் கிரெஸ்டட் பியூட். இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் 25 மைல்கூடத் தேறாது; ஆனால் மோட்டாரில் போகிறவர் கோடையில் சுமார் 100 மைலும், பனி விழுந்து கெப்ளர் கணவாய் அடைபட்ட பிறகு ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கும் சுற்றித்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சேர முடியும். இவ்வளவு சுற்று எதற்கு, மலையையே ஏறிக் கடந்துவிடுவோம் என்று துணிகிறவர்களுக்கு இருக்கும் பழைய பாதைகளில் ஒன்று, 12,705 அடி உயரத்திலுள்ள பேர்ல் கணவாயின் வழியாகப் போகிறது. மரமே முளைக்காத உயரம் அது. சமுத்திரக் கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் ஒரு பங்கு அங்கே குறைவு. ஜூலை மாதத்திலும் பாறை நிழல்களில் பனித்திட்டுகள் கிடக்கும். சைக்கிள் என்னும் சாதுவான வாகனத்தின் சரித்திரத்தில் இத்தகைய ஓர் இடம் க்ஷேத்திரம் போன்ற ஸ்தானத்தை அடைந்திருப்பது விநோதந்தான். அந்த விநோதம் நேர்ந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

பாதையை வெட்டுவித்தது வெள்ளி. தலைமுறை தலைமுறையாக யூட் பழங்குடியினர் வேட்டையாடி வந்த அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள், 1879-ஆம் வருஷம் முதல், கிழக்கே லெட்வில் பக்கத்திலிருந்து வெள்ளி தேடுவோர் கூட்டம் கூட்டமாக நுழைந்தார்கள். இரண்டே வருஷங்களில், 1881-ல், மேற்குச் சரிவில் வாழ்ந்த யூட் மக்களில் பெரும்பாலோர் தங்கள் பூமியைவிட்டு யூட்டா பிரதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். ஆஸ்பெனுக்குத் தெற்கே, காஸில் கிரீக் என்னும் ஆற்றின் தலைப்பகுதியில், 1880-ல் ஆஷ்கிராஃப்ட் என்ற சுரங்க ஊர் திடீரென்று எழும்பி, மூன்று வருஷங்களுக்குள் சுமார் 2,000 பேர் வசிக்கும் ஊராகிவிட்டது. தாது இருந்தது, அதை உருக்காலைக்குக் கொண்டுபோக ரயில் இல்லை. மலைக்கு அப்பால் கிரெஸ்டட் பியூட்டிலோ, 1881-லேயே டென்வர் - ரியோ கிராண்டு ரயில்வேயின் தண்டவாளம் வந்து முடிந்திருந்தது. ஆகவே 1882-ல், அந்த இரண்டு இடங்களையும் இணைத்து, பேர்ல் கணவாயின்மேல் ஒரு வண்டிப்பாதை போட்டார்கள். பாதை என்று சொல்வதே உபசார வார்த்தை. உருண்டு கிடந்த பாறைகளைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளி, கோவேறு கழுதைகளின் வரிசையும் துணிச்சல்காரன் ஓட்டும் பார வண்டியும் போகும்படி விட்ட ஓர் இடைவெளி என்றால் பொருந்தும்.

அதன் ஆயுளும் அற்பமாகவே முடிந்தது. ஆஷ்கிராஃப்டின் வெள்ளி நரம்பு மேலோட்டமானது என்பது சீக்கிரமே வெளிப்பட்டுவிட, ஜனங்கள் கதவைக்கூடச் சாத்தாமல் ஆஸ்பெனுக்கு இறங்கிப் போனார்கள். 1887-ல் ஆஸ்பெனுக்கே ரயில் வந்து சேர்ந்ததும், 12,000 அடிக்குமேல் தாதுவைச் சுமந்து ஏற வேண்டிய அவசியம் அடியோடு ஒழிந்தது. 1893-ல் அமெரிக்க அரசாங்கம் வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்தபோது ஆஸ்பெனும் சரிந்தது. பதினாயிரத்தை எட்டியிருந்த அதன் ஜனத்தொகை 1930-ல் சில நூறாகச் சுருங்கிற்று. கணவாயின் மேலிருந்த பாதையை மூட வேண்டுமென்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பனியும் வெள்ளமும் அரித்தது போக மிச்சம் இருந்தது அப்படியே கிடந்தது.

தென்புறத்து ஊரின் கதை வேறு. கிரெஸ்டட் பியூட் நிலக்கரியை நம்பிய ஊராதலால் வெள்ளியின் வீழ்ச்சி அதை மூழ்கடிக்கவில்லை. ஆனால் கரியின் வழியும் துக்கம் நிறைந்ததே. 1884 ஜனவரியில் ஜோக்கர்வில் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 59 பேர் மாண்டார்கள். முதலில் பிரிட்டனின் கார்ன்வால், வேல்ஸ் பக்கத்திலிருந்தும், பிறகு குரோவேஷியா, ஸ்லோவேனியா, இத்தாலி முதலிய தேசங்களிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளிகள் மூன்று தலைமுறை கரி வெட்டினார்கள். 1952-ல் பெரிய சுரங்கமும் மூடப்பட்டது. அதன்பின் 1960-களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்காக ஊருக்கு மேலே ஒரு மலைச்சரிவு திருத்தப்பட, பழைய சுரங்கத் தொழிலாளிகளின் மரவீடுகளில், வேலையிலும் பணத்திலும் அதிக நாட்டமில்லாத இளைஞர்கள் சொற்ப வாடகைக்கு வந்து தங்கலானார்கள். வடபுறத்து ஆஸ்பெனோ, அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே பனிச்சறுக்கினால் புத்துயிர் பெற்று, தனவந்தர்களும் சினிமா நட்சத்திரங்களும் வந்து பொழுதுபோக்கும் ஸ்தலமாகியிருந்தது. மலைக்கு இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரை எவ்வளவு பிரியத்துடன் நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இளைஞர்களின் வாகனத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஊரின் தெருக்கள் மண் தெருக்கள்; வசந்தத்தில் பனி உருகினால் சேறு, வெயில் ஏறினால் குழியும் கல்லும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் அங்கே ஒரு வாரம் தாங்காது. ஆகையால் அவர்கள் கொட்டகைகளிலும் குப்பைமேடுகளிலும் கிடந்த பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்தார்கள். 1933-ல் ஷ்வின் கம்பெனியார் சிறுவர்களுக்காக இரண்டு அங்குலத்துக்கும் அதிகமான பருமனுள்ள பலூன் டயர்களுடன் ஒரு சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்; பத்திரிகை போடும் பையன்கள் மிதித்து மிதித்து, பிறகு மோட்டார் மோகத்தில் கைவிட்ட அந்த ரகத்து வண்டிகள் அமெரிக்கா எங்கும் துருப்பிடித்துக் கிடந்தன. மட்கார்டைக் கழற்றி, கேரியரைக் கழற்றி, அகலமான ஹேண்டில்பார் ஒன்றை மாட்டிவிட்டால் வண்டி தயார். கியர் கிடையாது. பிரேக் என்பது பின்சக்கர ஹப்புக்குள்ளேயே அடங்கியது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும், அல்லது நிற்கப் பிரயத்தனம் செய்யும். 40, 50 பவுண்டு எடையுள்ள இந்த ஜடப் பொருளின்மேல் ஏறிக்கொண்டு ஊருக்குள் கடைக்கும் மதுக்கடைக்கும் போய்வருவது வழக்கமாயிற்று. பூட்டுவதில்லை, திருடுகிறவன்தான் பரிதாபத்துக்குரியவன்.

1976-ஆம் வருஷத்துக் கோடையில், ஆஸ்பென்காரர் சிலர் மோட்டார் சைக்கிள்களில் பேர்ல் கணவாயைக் கடந்துவந்து, கிரெஸ்டட் பியூட்டின் பிரதான வீதியாகிய எல்க் அவென்யூவில், கிரப்ஸ்டேக் என்னும் மதுக்கடையின் வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தங்கள் பராக்கிரமத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், அதைக் காதில் வாங்கிய உள்ளூர்க்காரர்கள், இயந்திரத்தின் முதுகில் உட்கார்ந்து வந்ததற்கா இத்தனை ஆரவாரம், நாங்கள் எங்கள் ஓட்டைச் சைக்கிளிலேயே உங்கள் ஊருக்கு வந்து காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள் என்றும் கதை வழங்குகிறது. மதுக்கடையில் செய்யும் சபதங்கள் பெரும்பாலும் மறுநாள் காலைவரை ஜீவிப்பதில்லை. இந்தச் சபதம் ஜீவித்தது. செப்டம்பர் மாதத்தில் சுமார் பதினைந்து பேர், அதே கிரப்ஸ்டேக்கின் வாசலில் கூடிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

அவர்களுடைய முஸ்தீபு ஒரு படையெடுப்பின் முஸ்தீபாக இருக்கவில்லை. கல்யாண கோஷ்டியின் முஸ்தீபாக இருந்தது என்றே சொல்லலாம். படுக்கைகளையும் சாப்பாட்டையும் பீர் பீப்பாயையும் மது புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பின்தொடர்ந்தது. முதல் நாள் மிடில் பிரஷ் கிரீக்கின் ஓரமாக, அந்த ஆற்றை இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்குமாகத் தாண்டித் தாண்டி ஏறி, மாலையில் மர எல்லைக்கு அருகே கம்பர்லாண்டு பேஸின் என்னும் புல்வெளியில் இராத் தங்கினார்கள். மறுநாள் கணவாய். ஒரே பல்சக்கரம் உள்ள வண்டியில் அந்த ஏற்றத்தை மிதித்து ஏறுவது மனித சாத்தியமன்று. தள்ளினார்கள், இழுத்தார்கள், தோளில் தூக்கினார்கள், சிலர் மானத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். உச்சியைத் தாண்டி, ஆஷ்கிராஃப்டின் பாழடைந்த வீடுகளைக் கடந்து, ஆஸ்பெனில் வெள்ளி கொழித்த காலத்தில் 1889-ல் கட்டப்பட்ட ஜெரோம் ஹோட்டலின் மதுக்கூடத்தில், புழுதி படிந்த கோலத்தோடு போய் உட்கார்ந்தபோது சபதம் நிறைவேறிற்று. 1882-ல் வெள்ளித் தாது போன வழியில், அதற்கு எதிர்த்திசையாக, ஓர் ஊரின் வீம்பு போய்ச் சேர்ந்தது.

மலைச் சைக்கிளின் சரித்திரம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஆரம்பிப்பது இங்கே அல்ல. அவர்கள் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மாரின் கவுண்டியில் ஆரம்பிப்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு. அங்கே டமால்பைஸ் மலையின் சரிவுகளில் இதேபோன்ற பழைய ஷ்வின் வண்டிகளைத் தலைகால் தெரியாத வேகத்தில் இறக்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டம், அதே 1976-ல் அக்டோபர் 21-ஆம் தேதி, ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகே, இரண்டு மைலுக்கும் குறைந்த தூரத்தில் 1,300 அடி இறங்கும் மண்பாதையில் முதல் பந்தயத்தை நடத்திற்று. பேர்ல் கணவாய்ப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிந்தி. ஒரு கூட்டம் மற்றொன்றை அறியாது. அந்த இறக்கத்தில், பெடலைப் பின்னோக்கி அழுத்தியபடியே வருகிற ஒருவனுடைய ஹப்புக்குள் உலோகம் உலோகத்தை உராய்ந்து சூடேறி, உள்ளே அடைத்திருந்த கிரீஸ் முழுவதும் உருகிப் புகையாகக் கிளம்பிவிடும். கீழே வந்து சேர்ந்ததும் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பைப் பிரித்து, கறுத்துப்போன பாகங்களைத் துடைத்து, புதுக் கிரீஸை விரலால் வழித்து அப்பி, மறுபடி முடுக்கினால்தான் அடுத்த இறக்கத்துக்கு வண்டி உதவும். ஆதலால் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைத்தல், என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த ஓயாத உபத்திரவந்தான் மாரின்காரர்களைக் கம்மியர்களாக்கிற்று. 1974 டிசம்பரில் மாரினிலுள்ள மில்வேலியில் நடந்த ஒரு பந்தயத்துக்கு, கூபர்டினோ என்னும் ஊரிலிருந்து மூவர், பருமனான டயருள்ள பழைய வண்டிகளில் பல கியர்களைப் பொருத்திக்கொண்டு வந்து, வந்த வேகத்தில் மறைந்துபோனார்கள். அந்தக் காட்சி பார்த்தவர்களின் மனத்தில் தங்கிவிட்டது. கேரி ஃபிஷர் என்னும் பந்தய வீரர் தம்முடைய 1930-களின் ஷ்வின் எக்ஸல்ஸியர் வண்டிக்குக் கியரும் டிரம் பிரேக்கும் பூட்டி, அதை மலை ஏறும் வண்டியாகவும் ஆக்கினார். ஜோ பிரீஸ் 1977-ல், பழைய பிரேமை நம்புவதை விட்டு, இந்த உபயோகத்துக்கென்றே புதுக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு பிரேம் செய்தார். அவருடைய அந்த முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் சரித்திரக் காட்சிசாலையில் இருக்கிறது.

இரண்டு கூட்டங்களும் சந்தித்த கதை சுவாரஸ்யமானது. ரீபேக் பந்தயங்களை நடத்திவந்த சார்லி கெல்லி, 1978-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், கொலராடோவில் ஓட்டைச் சைக்கிள்களில் மலை தாண்டும் வருடாந்தரப் பயணம் ஒன்று நடக்கிறதென்று படித்தார். வருடாந்தரம் என்பது அச்சில் வந்ததே தவிர, அந்தப் பயணம் அதுவரை நடந்தது ஒரே தடவை. 1977-ல் நடக்கவே இல்லை. இது தெரியாமல் கெல்லி, ஃபிஷர், பிரீஸ், வெண்டி கிராக், மைக்கேல் காஸ்டெல்லி ஆகிய ஐவரும் செப்டம்பரில் ஆயிரம் மைலுக்குமேல் பிரயாணம் செய்து வந்து நின்றபோது, விருந்தாளிகள் இலைமுன் உட்கார்ந்த பிறகு அடுப்பு மூட்டுகிற வீட்டுக்காரரைப்போல, உள்ளூர்க்காரர்கள் அவசர அவசரமாக இரண்டாவது வருடாந்தர யாத்திரைக்கு ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் பதின்மூன்று பேர் புறப்பட்டனர். மாரின்காரர்களின் வண்டிகளில் இருந்த கியர்களையும், நம்பத்தக்க பிரேக்குகளையும், பிரீஸின் பளபளக்கும் பிரேமையும் கண்டு கிரெஸ்டட் பியூட்காரர்கள் வியந்தார்கள். தாங்கள் தள்ளிக்கொண்டு நடந்த ஏற்றங்களில் பலவற்றை விருந்தாளிகள் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிப்போனால் யார்தான் வியக்க மாட்டார்கள்? வெண்டி கிராக் அந்தக் கணவாயைச் சைக்கிளுடன் கடந்த முதல் பெண்மணியானார்; அந்த நாட்களில் அவர் பிடித்த புகைப்படங்கள் இல்லாவிட்டால் இந்தச் சரித்திரத்தில் பாதி வாய்மொழியாகவே நின்றிருக்கும்.

மலைச் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார் என்று இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே வெகுகாலம் வழக்கு நடந்தது. இரு சாராரும் சற்றே அடங்கிப் பேசலாம் என்பது என் அபிப்பிராயம். 1897-லேயே அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பினச் சிப்பாய்கள், குதிரைக்குப் பதிலாகச் சைக்கிள் உதவுமா என்று சோதிப்பதற்காக, மொண்டானாவின் மிஸூலா கோட்டையிலிருந்து ராக்கி மலைகளைக் கடந்து செயிண்ட் லூயிஸ் வரை 1,900 மைலை 41 நாளில் மிதித்துச் சேர்ந்தார்கள். 1950-களில் பாரிஸைச் சேர்ந்த ஒரு சங்கத்தார் மேடுபள்ளங்களில் ஓட்டுவதற்கென்றே தங்கள் வண்டிகளை மாற்றிக் கட்டினார்கள். இங்கிலாந்தில் 1955-ல் கரடுமுரடான பாதைகளில் செல்வதற்கென்றே ஒரு கழகம் தோன்றி இன்றும் நடக்கிறது. ஆனால் வண்டியைச் செம்மைப்படுத்தி, 1979-ல் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்று பெயரிட்டு ஒரு கம்பெனியும் ஆரம்பித்து, உலகத்தின் கையில் கொடுத்தவர்கள் மாரின்காரர்களே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிரெஸ்டட் பியூட் கொடுத்தது வண்டி அல்ல, வழக்கம். வேகத்தைக் கடிகாரம் கொண்டு அளப்பதை விட்டு, சிநேகிதர் பத்துப் பேர் கூடி, முடிந்தவன் ஓட்டியும் முடியாதவன் தள்ளியும், பின்தங்கியவனுக்காக மேட்டில் காத்திருந்தும் ஒரு மலையைக் கடப்பதே போதிய காரியம் என்று எண்ணும் வழக்கம் அது. இன்று உலகத்தில் விற்கப்படும் மலைச் சைக்கிள்களை வாங்குவோரில் பந்தயத்துக்குப் போகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது, அறிந்தோ அறியாமலோ, கிரப்ஸ்டேக் கோஷ்டி செய்த காரியத்தையே.

அந்தக் கணவாய்ப் பயணத்தைச் சற்றுக் கிட்டே நின்று பார்ப்போம். செப்டம்பரில் காலை வேளையில் உறைபனி புல்நுனியில் வெள்ளையாய்ப் பிடித்திருக்கும். பிரஷ் கிரீக் பள்ளத்தாக்கில் ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகியிருக்கும். ஆற்றைத் தாண்டும் இடங்களில், வேகமாக இறங்கினால் கடந்துவிடலாம் என்று நம்பி இறங்கியவர்கள் நடுவில் உருளைக்கல்லில் முன்சக்கரம் சிக்க, உருகிய பனியின் நீரில் முழங்கால்வரை நிற்பார்கள். ஸ்புரூஸ் மரங்கள் உயரம் குறைந்து, கோணலாகி, கடைசியில் புதராகி நின்றுபோகும். அதற்குமேல் பேச்சும் நின்றுபோகும். இருபது மிதி, ஒரு நிறுத்தம், மறுபடி இருபது மிதி என்று கணக்கு மாறிவிடும். பாறைச் சிதறலுக்கிடையே பைக்கா என்னும் சிறு முயலினப் பிராணி, பனிக்காலத்துக்கு வேண்டிய புல்லை வாய்நிறையக் கவ்விக்கொண்டு ஓடும். கடைசி ஏற்றத்தில் புதிய வண்டி, பழைய வண்டி என்ற பேதம் அநேகமாக மறைந்துவிடுகிறது, எல்லாமே தள்ளப்படுகின்றன. உச்சியில் காற்று நிற்க விடாது. வடபுறத்து இறக்கமோ தலையளவு கற்கள் நிறைந்தது. பிரேக் லீவரைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போன பிறகுதான் காஸில் கிரீக் பாதை கண்ணுக்குத் தெரியும். ஆஷ்கிராஃப்டிலிருந்து ஆஸ்பென்வரை தார் ரோடு. அந்தக் கடைசிப் பத்து மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தை எல்லோரும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டு இறங்குவார்கள்.

இந்தப் பயணங்கள் ஆரம்பித்த அதே நாட்களில் சுரங்கமும் மறுபடி ஊரைத் தேடி வந்தது. 1977-ல் ஆமாக்ஸ் என்னும் பெரிய சுரங்கக் கம்பெனி, கிரெஸ்டட் பியூட்டின் தலைக்கு மேலேயே உள்ள எம்மன்ஸ் மலையில் மாலிப்டினம் என்னும் உலோகத்தைத் தோண்டத் திட்டமிட, ஊரார் நான்கு வருஷம் எதிர்த்து நின்றார்கள். மாலிப்டினத்தின் விலையும் வீழ்ச்சியடையவே 1981-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே வருஷத்தில் பருத்த டயர் சைக்கிள்களுக்கென ஒரு வாரத் திருவிழாவும் அங்கே தொடங்கியது தற்செயலாகவே இருக்கலாம்; ஆனாலும் சுரங்கத்தால் பிறந்த ஊர் சுரங்கத்தை வேண்டாமென்று சொல்லத் துணிந்ததற்கு, அந்த மலைகளில் வேறு விதமாகவும் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை துணைநின்றது என்று கொள்வதில் தவறில்லை. 1988-ல் மலைச் சைக்கிள் வீரர்களின் புகழ் மண்டபம் ஒன்றும் அவ்வூரில் ஸ்தாபிக்கப்பட்டது. 2014-ல் அது ஃபேர்ஃபாக்ஸுக்கு இடம் மாறிற்று. பழைய வழக்கில் மாரின்காரர்கள் கடைசியாக டிக்ரி வாங்கிவிட்டார்கள் என்று இதைப்பற்றிக் கிரெஸ்டட் பியூட்டில் யாரேனும் முணுமுணுத்திருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

பேர்ல் கணவாய்ப் பயணம் செப்டம்பர்தோறும் நடந்துவருகிறது. அது நடக்க முடிகிறதென்றால் அதற்கும் 1882-ல் பாதை போட்ட அந்த வெள்ளிக்காரர்களே காரணம். 1964-ஆம் வருஷத்து வனச் சட்டம், காப்பு வனங்களுக்குள் யந்திரப் போக்குவரத்தைத் தடுத்தது. 1980-ல் இப்பகுதியின் காப்பு வன எல்லைகள் பெரிதும் விரிக்கப்பட்டன. 1984-ல் சைக்கிளும் தடைக்கு உட்பட்டதே என்று வன இலாகா திட்டவட்டமாக்கிற்று. வண்டிப்பாதை என்று முன்னமே வழங்கிவந்த பேர்ல் கணவாய்ப் பாதையோ காப்பு வனத்தின் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டது. சற்று மேற்கே, இதைவிட அழகியதென்று பலர் கருதும் மேற்கு மரூன் கணவாயின் வழியாகக் கோடையில் ஆஸ்பெனிலிருந்து கிரெஸ்டட் பியூட் பக்கத்துக்கு ஒரே பகலில் நடந்து வருகிறவர்கள் ஏராளம். அந்த ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை மிதிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் குற்றமே. பேர்ல் கணவாயில் ஏறுகிறவர்களும் அந்தக் கடைசி ஏற்றத்தில் சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். அங்கே அதற்குத் தடை இல்லை.